பேய்க்கு என்ன வேண்டும்

புதுக்குடித்தனம் வைக்க நாங்கள் ராயபுரத்துக்கு வந்த அன்று ஜட்காக்காரர் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். அதற்கு மேல் குதிரை வராது என்றார். குதிரை என்னவோ எங்கே வேண்டுமானாலும் போகத் தயார் என்பது போலத்தான் நின்றது. வண்டிக்காரர்தான் வரமாட்டார் என்று தெரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு, அது பேய் வூடாச்சே என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அவர் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டார். டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையிடம், வாடகை குறைச்சலா என்று மட்டும் கேட்டார். என் கணவர் ஆமாம் என்றார். படித்தவர்கள் இதையெல்லாம் நம்பக்கூடாது என்றும் சொன்னார். அப்போது அவர்மேல் எனக்கு மரியாதையாக இருந்தது. சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. எனக்குப் பதினெட்டு வயது. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், துறைமுகத்தில் குமாஸ்தா.

வீடு நல்ல வீடு. ஓட்டு வீடுதான், ஆனால் உயரமான கூரை. இரண்டு அறை, சமையலறை, பின்னால் முற்றம், முற்றத்தில் கிணறு. கிணற்றுக்குப் பின்னால் யாரோ ஒரு வியாபாரியின் கிடங்குச் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. காற்று அடித்தால் ஒரு பக்கம் கருவாட்டு வாசனை, இன்னொரு பக்கம் நிலக்கரித் தூள். கப்பல் ஊதும் சத்தம் கேட்டால் தட்டில் இருக்கிற சோறு கூட ஒரு கணம் நின்று கேட்பது போலிருக்கும். எனக்கு அதெல்லாம் பிடித்திருந்தது.

பேயின் கதை முதல் வாரத்திலேயே என் காதுக்கு வந்தது. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவரும் துறைமுகத்துக் குமாஸ்தாதான். அவருடைய மனைவி ஒருநாள் மத்தியானம் கடலில் விழுந்து செத்துப்போனாளாம். அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவள் மட்டும் போகவில்லை. தினமும் உச்சி வேளையில் வந்து கிணற்றில் தண்ணீர் சேந்துகிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நானும் கேட்டேன். ஊர் அடங்கிக் கிடக்கும் மத்தியானத்தில், கிணற்றடியில் ஆளே இல்லாமல், ராட்டினம் கீச் கீச்சென்று ஆடும். அதே நேரத்தில் சமையலறைப் பலகையில் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுக்கும். பிறகு எல்லாம் நின்றுவிடும். முதல் நாள் நான் வாசலுக்கு ஓடிவந்து, சாயங்காலம் அவர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவுமில்லை, தைரியம் சொல்லவுமில்லை. கெட்ட மனசு இருக்கிற பெண்களைத்தான் பேய் தேடிவரும் என்றார். குடிவந்த அன்று இதையெல்லாம் நம்பக்கூடாது என்று சொன்ன அதே மனிதர்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் குடித்ததில்லை. என்னை அடித்ததில்லை. அதனாலேயே அவர் செய்ததை யாரிடமும் எடுத்துச் சொல்லத் தெரியாமல் நான் வெகுநாள் விழித்தேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். நல்ல மூடில் இருந்தால் ‘பட்டறை’ என்பார், என் அப்பாவின் வேலையை வைத்து. சாப்பிட உட்காருவார், ஒரு வாய் வைப்பார், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். உப்பு அதிகமா, காரம் குறைவா, ஒன்றும் சொல்லமாட்டார். நான் மிச்சச் சோற்றைத் தின்று பார்த்து, என்ன தப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்வேன்.

கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். வாரக்கணக்கில் நிறுத்துவார். அப்போது ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவரே, வெந்நீர் காய்ந்ததா என்று கேளு. சுவரே, சட்டைக்குப் பித்தான் தைத்தாகிவிட்டதா. நான் சுவருக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்வேன். சுவரும் நானும் ஒன்றாகத்தான் குடித்தனம் பண்ணினோம்.

நான் பேசுகிற தமிழ் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பெரம்பூரில் பிறந்தவள், வீட்டை ‘வூடு’ என்றுதான் சொல்வேன். அவருடைய ஆபீஸ் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால், என்னை ஹாலுக்கு அழைத்து, நாம் இருக்கிற இடத்துக்கு என்ன பெயர், சொல்லு என்பார். நான் ஜாக்கிரதையாக ‘வீடு’ என்பேன். பதற்றத்தில் அடுத்த வார்த்தை ‘கீது’ என்று வந்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், பார்த்தீர்களா, இதோடுதான் நான் காலம் தள்ளவேண்டும் என்பார்.

அம்மாவிடம் ஒருமுறை அழுதேன். அடிக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். குடிக்கிறாரா என்றாள். இல்லை. வேறு பெண்பிள்ளை சகவாசம்? அதுவும் இல்லை. பின்னே எதுக்குடி அழுவுறே என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்காயை நறுக்கப் போனாள். அம்மா கெட்டவள் அல்ல. அவளிடம் இருந்த கேள்விகள் அவ்வளவுதான்.

என் கணவர் பேயையும் விட்டுவைக்கவில்லை. நான் ஏதாவது எதிர்த்துச் சொன்னால், முன்னால் இருந்தவளும் இப்படித்தான் வாயாடினாள் என்பார், கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உயராது. பேப்பர் படித்துக்கொண்டே சொல்வார். 

இப்படி ஒரு வருஷம் போனது. பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. எனக்குப் பேயிடம் பயம் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் என்னை ஒன்றும் சொன்னதில்லை. தினமும் சொன்ன நேரத்துக்கு வருகிறாள், தண்ணீர் சேந்துகிறாள், போகிறாள். நான் முற்றத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அவளோடு பேச ஆரம்பித்தேன். இன்றைக்கு ரசம் நன்றாக வந்திருக்கிறது, ஆனாலும் அவர் தட்டைத் தள்ளுவார் பாரு என்பேன். ராட்டினம் கீச்சென்னும். கிணற்றுச் சுவரில் ஒரு தம்ளர் மோர் வைப்பேன். காக்கை வந்து குடித்துவிட்டுப் போகும். வெள்ளிக்கிழமைகளில் ஒரு அகல் விளக்கு வைத்தேன்.

அந்த விளக்கைத்தான் மீன்காரம்மா பார்த்துவிட்டார்கள். பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடையோடு வருவார்கள். நல்ல வாட்டசாட்டமான பெண்மணி, என் அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர். நான் யக்கா என்று கூப்பிடுவேன். என் கணவருக்கு மீன் வாசனை ஆகாது, அவர்களோடு பேசவும் கூடாது என்று உத்தரவு. அதனால் அவர் வேலைக்குப் போனபின் பின்கதவு வழியாக வந்து, கால் கழுவத் தண்ணீர் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பேசிவிட்டுப் போவார்கள்.

“இன்னா கண்ணு, யாருக்கு வெளக்கு வெச்சிகினு கீறே?” என்று கேட்டார்கள்.

செத்துப்போன அந்தப் பெண்ணுக்கு என்றேன். யக்கா கூடையை இறக்கி வைத்தார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

“அது செத்துப் பூட்ச்சின்னு உனுக்கு யாரு சொன்னா? போன வாரங்கூட எங்கையில வஞ்சிரம் வாங்கிச்சே. பேரம் பேசி என் உயிர எடுத்துட்ச்சி.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டார்கள், மோர்த் தம்ளர் உள்ளே விழுந்தது. அந்தப் பெண் சாகவில்லை, புருஷனை விட்டுப் போய்விட்டாள், கூட்டிக்கொண்டு போய்த் திருவொற்றியூரில் விட்டதே தான்தான் என்று சொன்னார்கள். பொண்டாட்டி ஓடிவிட்டாள் என்று சொல்ல அந்தக் குமாஸ்தாவுக்கு வெட்கம். கடலில் விழுந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார். குப்பம் முழுக்க விஷயம் தெரியும். தெருக்காரர்கள் யாரும் குப்பத்தில் வந்து கேட்கவில்லை, குப்பத்துக்காரர்களும் போய்ச் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் கோயிலுக்குப் போகவேண்டும் என்று என் கணவரிடம் அனுமதி கேட்டேன். அவர் சுவரிடம் சரி என்றார்.

நானும் யக்காவும் பஸ்ஸில் போனோம். கோயிலுக்கும் போனோம், அதில் பொய் இல்லை. அங்கிருந்து ஒரு ஆலை வாசலை ஒட்டிய தெருவுக்கு யக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. ஷிப்டு முடிந்து வந்த ஆட்கள் பெஞ்சுகளில் நெருக்கியடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அடுப்புக்குப் பின்னால் குண்டாக ஒரு பெண் நின்றுகொண்டு, ஒரு கையால் மீனைத் திருப்பிப் போட்டபடி, இன்னொரு கையால் சில்லறை கொடுத்துக்கொண்டு, யாரோ ஒருவனைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. பேய் இப்படி வியர்க்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

யக்கா என்னைக் காட்டி, இதான் இப்ப அந்த வூட்ல கீற பொண்ணு என்றார்கள்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நான்தாம்மா உன் வீட்டுப் பேய்,” என்றாள். “பயந்துடாதே. முதல்ல சாப்பிடு.”

சாப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் மீன் சாப்பிட்டது அன்றுதான். அவள் எதிரே உட்கார்ந்து, நான் இரண்டாவது துண்டு கேட்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கதையைச் சொன்னாள். அவள் புருஷனும் அடிக்காதவர்தான். வீட்டில் அவள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளமாட்டாராம். விருந்தாளி வந்தால் அவளைச் சமையல்காரி என்று சொல்லியிருக்கிறாராம். இல்லாத ஆள் மாதிரியே நடத்தினார், சரி, இல்லாமலே போய்விடலாம் என்று வந்துவிட்டேன் என்றாள். பிறந்த வீடு என்று போக அவளுக்கு யாருமில்லை. இந்தக் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, பிறகு கடையையே எடுத்துக்கொண்டாள்.

“நான் செத்துப்போனதே எனக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரியும்,” என்றாள். “யக்கா வந்து சொன்னாங்க. அன்னைக்குப் பாயசம் வெச்சேன்.”

கிணற்றடியில் கேட்கிற சத்தம் என்ன என்று கேட்டேன். அவளும் அதற்குப் பயந்தவள்தானாம். ஒருநாள் ஏணி போட்டுக் கிடங்குச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தாளாம். அங்கே தண்டவாளம் போகிறது. மத்தியானத்தில் சரக்குப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். தரை அதிர்கிறது, ராட்டினம் ஆடுகிறது. அவ்வளவுதான். ரயில்வேக்காரர் மகளான எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பயந்திருக்கிறபோது எது தோன்றும்.

என்னையும் வந்துவிடச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. இலையில் மடித்து இரண்டு வடை கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுப்பினாள். வழியனுப்பும்போது, இடம் தெரிஞ்சிடுச்சி இல்ல என்றாள். தெரிந்தது என்றேன்.

வீட்டுக்குத் திரும்பிய நான் பழைய ஆள் இல்லை. நான் ஒன்றும் துணிச்சலாகச் செய்துவிடவில்லை. ஆனால் அவர் ஒருநாள் பேப்பரைப் புரட்டிக்கொண்டே, அவளுக்கு ஆன கதிதான் உனக்கும் என்றார். எனக்கு அந்தக் குண்டுப் பெண் கரண்டியோடு நின்றது கண்முன்னால் வந்துவிட்டது. சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தது அதுதான் முதல்முறை.

அதற்குப் பிறகு அவருடைய வித்தைகள் ஒவ்வொன்றாகப் பலிக்காமல் போயின. தட்டைத் தள்ளினார். நான் அந்தத் தட்டை எடுத்துவைத்து நானே நன்றாகச் சாப்பிட்டேன். பேச்சை நிறுத்தினார். வீடு அமைதியாக இருந்தது, நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். சுவரிடம் பேசினார். நானும் சுவரைப் பார்த்து, சுவரே, நீயே எடுத்துக் கொடு என்றேன். அவர் ராத்திரியில் விளக்கை அணைக்கவிடாமல் தூங்க ஆரம்பித்தார். அவருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் அகப்பட்டது. எனக்குப் பேய் பிடித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பேயோட்டுகிற பூசாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். படித்தவர்கள் நம்பக்கூடாது என்று சொன்னவர்தான், எலுமிச்சம்பழக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். உடுக்கைச் சத்தம் கேட்டுத் தெரு முழுக்க முற்றத்தில் கூடிவிட்டது. சுவரோரம் யக்காவும் நின்றார்கள். என்னைக் கோலத்துக்கு நடுவே உட்காரவைத்தார்கள். பூசாரி வேப்பிலையைத் தலையில் தடவிக்கொண்டே, யார் நீ, எங்கேயிருந்து வந்தே என்று கேட்டார்.  அடிப்பாரோ, சூடு போடுவாரோ என்று பயம். வாயைத் திறக்கவில்லை. அவர் நல்ல மனிதர், அடிக்கவில்லை. உடுக்கையை நிறுத்திவிட்டுக் குனிந்து, சாதாரணக் குரலில் கேட்டார்.

“சரி தாயி. உனுக்கு இன்னா வேணும், சொல்லு. குடுத்துடுறோம்.”

 அந்த வீட்டில் என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது பேயின் கண்ணீர் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

“பெரம்பூருக்குப் போவணும்,” என்றேன்.

பூசாரி என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். வேறென்ன வேண்டும் என்று பூசாரி கேட்டார். என் டிரங்குப் பெட்டி என்றேன். வேறே? அம்மா கொடுத்த பித்தளைக் குடம். வேறே? இதற்குள் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. என் தையல் மிஷின் என்றேன். அது சீரில் அப்பா கொடுத்தது. யக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள். தோள் குலுங்கியது. பாவம், பயந்து அழுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

திரும்ப வருவாயா என்று பூசாரி கடைசியாகக் கேட்டார். வரமாட்டேன் என்றேன். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சத்தியமும் செய்ததில்லை.

தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால் என் கணவரால் பேச்சு மாற முடியவில்லை. அன்று மத்தியானமே இரண்டு ரிக்ஷா பிடித்தார். ஒன்றில் நான், ஒன்றில் தையல் மிஷின்.

பெரம்பூரில் அம்மா என்னைப் பார்த்து அழுதாள், வேப்பிலை அடித்தாள். அப்பாவிடம் சாயங்காலமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பட்டறை என்று கூப்பிட்டதைச் சொன்னபோது மட்டும் எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு வந்தார். என்னால்தான் உனக்கு இந்தப் பேச்சு என்று சொல்வாரோ என்று பயந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. “வூட்டுக்கு வந்துட்ட இல்ல, சாப்பிடு,” என்றார்.

சில மாதம் கழித்து என் கணவருடைய அண்ணன் வந்தார், பெண்ணை எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். அப்பா ரொம்ப வருத்தமாக, பேய் இன்னும் எறங்கலைங்க என்றார். மறுவருஷம் வந்தபோதும் அதையே சொன்னார். மூன்றாவது முறை யாரும் வரவில்லை. பின்னால் விவாகரத்துச் சட்டம் வந்தபிறகு முறையாக விடுதலை வாங்கிக்கொண்டோம். அவர் ஊர்ப்பக்கமே வேலை தேடிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த வீட்டில் இரண்டு பேய் என்று வாடகையை இன்னும் குறைத்தார்களாம், யக்கா சொன்னார்கள்.

நான் எட்டாவது வரை படித்தவள். ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். வியாசர்பாடியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே பிள்ளைகள் ‘வூடு’ என்றால் நான் திருத்தினதில்லை. எழுதும்போது இப்படி, பேசும்போது அப்படி என்று சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமையானால் திருவொற்றியூர்க் கடைக்குப் போய்விடுவேன். யக்காவும் கூடையைக் காலி பண்ணிவிட்டு வந்துவிடுவார்கள். மூன்று பேரும் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்பா ஒருமுறை வந்தவர், பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தார். அம்மா மட்டும் வரமாட்டேன் என்றாள். புருஷனை விட்டவள் கை சமையல் எனக்கு வேண்டாம் என்று அவள் சொன்னதை நான் கடையில் சொல்லவில்லை. தன் மகளும் புருஷனை விட்டவள்தான் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. அதை நினைத்துப் பார்க்கத்தான் அவளுக்குச் சில வருஷம் பிடித்தது.

ஒருநாள் அவளாகவே, நானும் வர்றேன் என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் பேசவே இல்லை. கடையில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். கடைக்காரி வாளைமீன் குழம்பை ஊற்றிவிட்டு, எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மா நிதானமாகச் சாப்பிட்டாள். முள்ளை ஒழுங்காக ஒதுக்கினாள். கடைசியில் விரலை வழித்துவிட்டு, புளி கொஞ்சம் தூக்கல் என்றாள்.

 யக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

“அப்போ அடுத்த வாரம் நீங்களே வந்து கரைச்சுக் குடுங்கம்மா,” என்றாள் கடைக்காரி.

அம்மா கை கழுவப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தலை வாரிக்கொண்டு வெளியே வந்தபோது, அவள் எனக்கு முன்பே வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு மண்சட்டி. அந்தக் கடையில் இருக்கிற சட்டி சரியில்லை, அதில் எப்படிக் குழம்பு நன்றாக வரும் என்று பஸ் ஸ்டாப் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.